உப்பு மழை ஊரில் தொட்டியை யார் மூடுவது?

தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய பள்ளியில் 7 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் சிலர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். இந்த வருடம் எல்லோருக்கும் கற்பனை உலகக் கதைதான் எழுத வேண்டுமாம். நோட்டு நிறைய வரைபடம், ராஜ வம்சப் பட்டியல், டிராகன் வகைகள், வாள்களின் பெயர்கள். கதை மட்டும் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. "உலகத்தை முழுசாகக் கட்டி முடித்துவிட்டு எழுத வேண்டுமா, எழுதிக்கொண்டே கட்டலாமா? பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?"

டீச்சர், எழுதிக்கொண்டே கட்டலாம் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: அந்த நோட்டுகளை ஓரங்கட்டிவிடாதீர்கள். அப்படி நோட்டு நிரப்பிய பிள்ளைகள் சிலர் பின்னால் என்ன ஆனார்கள் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது.

1826 ஜூன் மாதம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்ற ஊரில், பாட்ரிக் பிராண்டே என்ற பாதிரியார் தன் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். அக்கா ஷார்லட்டுக்கு அப்போது 10 வயது, கடைக்குட்டி ஆனுக்கு 6. ஷார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் நான்கு பேரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். ஷார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள். தம்பி சும்மா இருப்பானா? தன்னுடையதற்குப் போனபார்ட் என்று வைத்தான். அந்தச் சிப்பாய்கள் கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கி ஒரு நகரம் கட்டினார்கள். அதுதான் 'கண்ணாடி நகரம்'. பிறகு ஷார்லட்டும் பிரான்வெல்லும் அங்ரியா என்ற நாட்டைப் படைத்தார்கள். எமிலியும் ஆனும் தனிக்கட்சி ஆரம்பித்து, பசிபிக் கடலில் கோண்டல் என்ற தீவை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அவர்கள் நடத்திய பத்திரிகை. கிடைத்த காகிதத் துண்டுகளை வெட்டித் தைத்து, கிட்டத்தட்டத் தீப்பெட்டி அளவில் புத்தகம் செய்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்து. ஏன் அத்தனை சிறிசு? வாசகர்கள் அந்தச் சிப்பாய்கள்! அவர்கள் கைக்குப் பொருந்த வேண்டுமே. உள்ளே கதை, கவிதை, விளம்பரம் எல்லாம் இருக்கும், கண்ணாடி நகரத்தில் வசிப்பவர்கள் படிப்பதற்காக. அந்த நகரத்தைப் பற்றி வெளியாருக்கு விளக்குவதை விட்டுவிட்டு, அதற்குள்ளேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். விளையாட்டு சீக்கிரம் தீர்ந்துபோகவும் இல்லை. 1845இல், எமிலிக்கு 26 வயதாகியிருந்தபோது, அவரும் ஆனும் யார்க் நகருக்குப் போய்வந்த பயணம் முழுக்கக் கோண்டல் கதாபாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போனதாக எமிலி தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1847இல் அக்கா தங்கை மூவரின் நாவல்களும் வெளிவந்தன. அதற்கப்புறம் அவர்கள் எவ்வளவு பெரிய நாவலாசிரியர்களாகப் பேசப்பட்டார்கள் என்பது ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தெரியும்.

உங்களிடமும் ஒரு பத்திரிகை தயாராக இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு பக்கத்தை மட்டும் ஒதுக்குங்கள். அந்தக் கற்பனை ஊரில் இன்று காலை வந்த செய்தித்தாளின் ஒரு பக்கம். 'வேலைக்கு ஆள் தேவை', 'காணவில்லை', 'இன்றைய சந்தை விலை'. ராஜா எத்தனையாவது பரம்பரை என்று பத்துப் பக்கம் எழுதிய பையன், 'காணவில்லை' விளம்பரத்தில் என்ன காணாமல் போனது என்று யோசிக்கும்போதுதான் தன் ஊருக்குள் முதல் தடவையாக நுழைவான்.

சரி, உலகம் கட்டுவதற்கு வருகிறேன்.

1939இல் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தேவதைக் கதைகளைப் பற்றியது. அதை விரித்து எழுதிய கட்டுரையில் ஓரிடத்தில் பச்சைச் சூரியனைப் பற்றிப் பேசுகிறார். 'பச்சைச் சூரியன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், ஆனால் அந்தச் சூரியன் நம்பும்படி இருக்கிற ஓர் உலகத்தைக் கட்டுவதற்கு உழைப்பும் யோசனையும் வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் பிள்ளைகளின் நோட்டில் பச்சைச் சூரியன்கள் நிறைய இருக்கும். பச்சைச் சூரியன், மூன்று நிலா, பேசும் மலை, பறக்கும் மீன், எல்லாம் ஒரே பக்கத்தில். ஒன்றின் விளைவையும் யாரும் பின்தொடர்ந்து போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கேதான் கதை நின்றுபோகிறது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அது அடுப்படி வரைக்கும் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து மாற்றத்தை மேலோட்டமாக அடுக்கினால் அந்த அளவுக்கு எதுவும் கிடைக்காது.

வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். எல்லாம் நம் ஊர் மாதிரியே, ஒன்று மட்டும் வேறு: மழை உப்பாகப் பெய்யும். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "அப்படியானால்?" என்று மட்டும் கேளுங்கள்.

முதலில், குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பார்கள். அப்புறம், பயிர் கருகிவிடும் என்பார்கள். நிச்சயம் ஒருத்தி எழுந்து, "கிணற்றுத் தண்ணீரும் உப்பாகிவிடுமே டீச்சர், எல்லோரும் செத்துப்போவார்கள், கதையே இல்லையே" என்பாள். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரிகைக்கு ஆசிரியர் அவள்தான். அவள் சொல்வது நியாயம், ஆகவே உலகத்தைக் கொஞ்சம் சரிசெய்தாக வேண்டும். வருடத்துக்கு நாலைந்து மழைதான். குடிக்கிற தண்ணீர் தூரத்து மலை ஊற்றிலிருந்து வாய்க்காலில் வருகிறது. மழை பெய்தால் வாய்க்காலும் பல நாளைக்குக் கெட்டுப்போகும். அதனால் ஊர் நடுவில் ஒரு பெரிய தொட்டி. தொட்டிக்கு மூடி.

மூடி வந்ததும் ஊர் தானாக எழும்பும். அங்கே பெரிய மதிப்பு மூடி செய்கிற தச்சருக்குத்தான். மேகம் கறுத்தால் பறையடிப்பார்கள். பறை கேட்டதும் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடிப்போய் நாற்றங்காலுக்குப் பாய் விரிக்க வேண்டும். நமக்கு மழைக்கு லீவு, அவர்களுக்கு மழைக்கு வேலை. இரும்பு துருப்பிடித்துவிடும் என்பதால் கதவுக்குக் கீல் கிடையாது, கயிறுதான். உப்புக்கு விலையே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னால் அந்த ஊரில் சிரிப்பார்கள். பெரியவர் காலில் விழுந்தால், "உன் தொட்டி மூடியே இருக்கட்டும்" என்று வாழ்த்துவார். மலையூர்க்காரர்கள் வாய்க்கால் மடையைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களிடம் பணிந்து போக வேண்டும், உள்ளுக்குள் எரிச்சல் வேறு. பாருங்கள், ஒரு ராஜாவின் பெயர்கூட எழுதவில்லை, அதற்குள் அரசியல் வந்துவிட்டது.

கதை எங்கே? மூடிக்குக் காவல் இருக்கிற 12 வயதுப் பெண்ணிடம். அந்த உலகத்தில் யாருக்கு எது வேண்டும், நாம் செய்த அந்த ஒரு மாற்றம் அதை எப்படித் தடுக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சேர்கிற இடத்தில் முதல் பக்கத்தை ஆரம்பிக்கலாம்.

பிள்ளைகள் வழக்கமாக இப்படி ஆரம்பிப்பார்கள்: "உவரியூர் என்பது ஒரு விசித்திரமான நாடு. அங்கே மழை உப்பாகப் பெய்யும். அதனால் மக்கள் தொட்டிகளுக்கு மூடி போட்டு வைத்திருந்தார்கள். அந்த வழக்கம் 500 ஆண்டுகளாக இருந்தது." தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது பாடப்புத்தகம். இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"கையில் விழுந்த துளியைச் செல்லி நக்கிப் பார்த்தாள். கரித்தது. 'தாத்தா, பறையை அடி!' என்று கத்திக்கொண்டே தொட்டிப் பக்கம் ஓடினாள். மூடியின் வடக்குக் கயிறு இறுக முடிச்சுப் போட்டுக் கிடந்தது. நேற்று மத்தியானம் ஊஞ்சலாடுவதற்காக அவளே போட்ட முடிச்சு."

500 ஆண்டுக் கணக்கு போய்விட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. மழை கரிக்கும், பறை எச்சரிக்கை, மூடி முக்கியம், கயிற்றைத் தொடக் கூடாது என்ற நாலு சங்கதியும் விளக்கம் இல்லாமலே உள்ளே போய்விட்டன. கூடவே செல்லி மாட்டிக்கொண்டாள். நோட்டில் எழுதிய மற்றதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மந்திரம் வைத்து எழுதுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வியாதி உண்டு. மந்திரத்துக்கு எல்லையே இருக்காது. வில்லன் வந்தால் ஹீரோ கையை நீட்டுவான், ஒளி வரும், வில்லன் காலி. எல்லையில்லாத மந்திரத்தில் பயம் இல்லை. பயம் இல்லாத கதையை எந்தப் பிள்ளையும் படிக்காது. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை, நம் வேதாளம் இருக்கிறது. விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு வாய் திறக்காமல் போய்ச் சேர வேண்டும். பேசினால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். வழியில் அது ஒரு கதை சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாக வெடிக்கும். இருப்பது இரண்டே விதி, ஆனால் இரண்டும் ராஜாவை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் பல பத்தாண்டுகள் இந்த விதிகளை வைத்தே புதுப்புதுக் கதையாக ஓட்டினார்கள். ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் வேதாளத்தோடு வாளேந்தி நடக்கிற அந்த ராஜாவை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதன் முடிவைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். பழைய கதையில் கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு உண்மையாகவே பதில் தெரியவில்லை. தெரியாததால் பேசவில்லை, தெரியாததால் தலையும் வெடிக்கவில்லை. புதிதாக ஒரு தெய்வம் வந்து காப்பாற்றாமல், முதலில் போட்ட விதியின் சந்திலிருந்தே கதை வெளியே வந்துவிடுகிறது. காடாறு மாதம் நாடாறு மாதமும் இதே சாமர்த்தியம்தான். விக்கிரமாதித்தனுக்குச் சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு என்றுதான் வரம். சரி, வருடத்தில் ஆறு மாதம் மட்டும் சிம்மாசனத்தில் உட்கார், இரண்டாயிரம் ஆண்டு ஆகும் என்று அவனுடைய மந்திரி பட்டி வழி கண்டுபிடிக்கிறான். மந்திரத்துக்கு விதி, விதிக்குள் ஒரு சந்து, அதைக் கண்டுபிடிக்கிற ஆள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதற்கு இதைவிட நல்ல சட்டகம் எனக்குத் தெரியாது.

விலையும் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் இளையோருக்காக எழுதிய எர்த்ஸீ கதையில், ஒரு தீவில் மந்திரத்தால் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று ஆசான் எச்சரிக்கிறார். அதற்கப்புறம் அந்த உலகத்தில் யார் மந்திரம் போட்டாலும் படிக்கிறவர் மனதில், இது யார் தலையில் விடியப் போகிறதோ என்ற கேள்வி வந்துவிடும்.

இப்போது வரைபடம். இது வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் அதை எப்போது போடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1881 கோடையில் நாவலாசிரியர் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தின் பிரேமர் என்ற ஊரில் தங்கியிருந்தார். மனைவியின் முதல் மணத்து மகன் லாய்டோடு சேர்ந்து படம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு தீவின் வரைபடம் வந்தது. அந்தப் படத்திலிருந்துதான் புதையல் தீவு நாவல் பிறந்தது. வரைபடத்தை முதலில் போடுங்கள் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மீதி இது: புத்தகம் அச்சாகும் நேரத்தில், அனுப்பிய வரைபடம் பதிப்பகத்துக்குப் போய்ச் சேராமல் தொலைந்துவிட்டது. மனிதர் உட்கார்ந்து தன் நாவலையே முதலிலிருந்து படித்து, எந்த மலை எங்கே, எந்தக் கப்பல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தெடுத்து, அதற்குப் பொருந்தும்படி மறுபடி வரைய வேண்டியதாயிற்று. சும்மா கிறுக்குவதைவிட இது எவ்வளவு கஷ்டம் என்று 1894இல் எழுதிய கட்டுரையில் புலம்பியிருக்கிறார்.

அந்த இரண்டாவது வரைபடத்தைத்தான் நான் பிள்ளைகளைப் போடச் சொல்வேன். மூன்று அத்தியாயம் எழுதியாகட்டும். அதை அடுத்த பெஞ்சில் இருக்கிறவனிடம் கொடுத்து, படித்துவிட்டு ஊரின் படத்தை வரையச் சொல்லுங்கள். எழுதியவள் வாயைத் திறக்கக் கூடாது. தொட்டி எங்கே, செல்லி வீடு எங்கே, மலை எந்தத் திசையில் என்று அவனால் வரைய முடிந்தால் உலகம் பக்கத்தில் இருக்கிறது. முடியாவிட்டால் அது எழுதியவள் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. இதில் சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டையில்தான் எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பது தெரியும்.

கட்டி முடித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிற பையன் ஒருவன் இருப்பான். அவனிடம் டோல்கீனின் நிலாக் கதையைச் சொல்லலாம். கற்பனை உலகம் கட்டியவர்களில் அவரளவுக்குக் கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. தனி மொழிகளே உண்டாக்கியவர். அப்படிப்பட்டவர் 1944இல், பெரிய நாவலின் பாதியில், மகனுக்கு எழுதிய கடிதத்தில் தலையில் கை வைக்கிறார். கதையில் நிலா ஒரு பகுதியில் உதித்துக்கொண்டும் அதே நேரத்தில் இன்னொரு பகுதியில் மறைந்துகொண்டும் இருந்ததாம். முன்னால் எழுதிய அத்தியாயங்களுக்குத் திரும்பிப்போய்ச் சரிசெய்தார். எவ்வளவு திட்டம் போட்டாலும் ஓட்டை எழுதும்போதுதான் தெரியும்.

விவரங்களுக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் தவித்தால், கருப்பொருள் நூற்பாவை எடுங்கள். தமிழ் டீச்சருக்கு நான் சொல்லவா வேண்டும்? 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை...' என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற அதே தொல்காப்பிய நூற்பா. நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்துவிட்டு, அங்கே என்ன தெய்வம், என்ன சாப்பாடு, என்ன விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வரிசையாகக் கேட்கிறது. கற்பனை உலகம் எழுதுகிற பிள்ளைக்கு இது அப்படியே ஒரு கேள்வித்தாள். தெய்வம், சாப்பாடு எல்லாம் யாருக்கும் தோன்றும். இந்த ஊரில் என்ன பறை, அதை எப்போது அடிப்பார்கள் என்ற கேள்விதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. மலைக்குத் தொண்டகம், மீனவர் ஊருக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று ஒவ்வொரு நிலத்துக்கும் தனிச் சத்தம் வைத்திருந்தார்கள். உப்பு மழை ஊரில் மேகம் கறுத்ததும் அடிக்கிற பறை எனக்கு வந்தது இங்கிருந்துதான். பாலையைப் பற்றி இளங்கோவடிகள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலையாகிவிடும் என்கிறார். நிலம் மாறாமல் நிற்காது, காலம் மாறினால் அதுவும் மாறும். நம் பிள்ளைகளின் உலகங்களில் எப்போதும் ஒரே பருவம்தான் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

சாப்பாடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1996இல் கற்பனை உலகக் கதைகளைக் கிண்டல் செய்து, சுற்றுலாக் கையேடு மாதிரி ஒரு புத்தகம் போட்டார். அந்த உலகங்களில் எங்கே போனாலும் ஒரே குழம்புதான் சாப்பாடு, குதிரைகள் சைக்கிள் மாதிரி களைப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று வாரியிருப்பார். 9ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுத் தங்கள் நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

படிக்கிறவர் வயதையும் பார்க்க வேண்டும். உங்கள் பத்திரிகையை 4ஆம், 5ஆம் வகுப்புப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்றால், அவர்களுக்கு ஒரு மாற்றம், ஒரு விதி போதும். முதல் பத்து வரியில் இரண்டும் தெரிந்துவிட வேண்டும். நம் ஊரிலிருந்து ஒரு பிள்ளை அந்த உலகத்துக்குள் போய் விழுவது மாதிரி வைத்தால் எழுதுவது சுலபம். வாசகர் கேட்க நினைக்கும் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே கேட்டுவிடும். ஆனால் அப்படிப் போன பிள்ளை திரும்பி வீட்டுக்குப் போகவே தவித்துக்கொண்டிருக்கும், செல்லிக்கு இருக்கிற பதற்றம் அதற்கு வராது. 8ஆம், 9ஆம் வகுப்புக்காரர்கள் அந்த ஊரிலேயே பிறந்த ஆளை வைத்து எழுதிப் பழகட்டும். மடை யார் கையில், தண்ணீர் யாருக்கு முதலில் என்ற கேள்வியெல்லாம் அந்த வயதுக்குத் தாராளமாகப் புரியும்.

பெயர் விஷயம் பெரிய தலைவலி என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எல்லா ஊரும் 'யா' என்று முடிகிறது, எல்லா வீரனும் 'ஆர்' என்று முடிகிறான். இதைத் திருத்த மெனக்கெட வேண்டாம். வீட்டில் பாட்டியைக் கேட்டு, பக்கத்தில் உள்ள குளம், வாய்க்கால், மேடு, திடல் இவற்றின் பழைய பெயர்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்துப் பெயர் வந்தாலே வகுப்புக்கு ஒரு கண்டம் நிறையும்.

கடைசியாக, பத்திரிகை நடத்துகிறவருக்கு ஒரு யோசனை. முதல் இதழில் ஒரு கதைக்கு நாலு பக்கம்தான் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். வரைபடம் போட்டால் அதுவும் அந்த நாலு பக்கத்துக்குள்ளேதான். 'தொடரும்' போட மட்டும் அனுமதிக்காதீர்கள். அனுமதித்தால் அடுத்த இதழுக்கு உங்கள் மேசையில் இருபது முதல் அத்தியாயம் இருக்கும், இரண்டாம் அத்தியாயம் ஒன்றுகூட இருக்காது.